ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் தேர்தலும் கட்டணம் செலுத்தலும்: சேரப்பணஞ்சேரியை முன்வைத்து ஒரு நன்னூல் நோக்கு

களமும் காரணமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பை தாண்டி ஒரகடம் வருமுன் இருப்பது சேரப்பணஞ்சேரி. ஆய்வாளர்கள் ஓர் ஊரைக் களமாகத் தேர்வதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கே மச்சான் வீடு இருப்பதுதான். இக்கட்டுரையும் அதற்கு விலக்கல்ல. என்றாலும் அச்சில் போடத்தக்க காரணம் ஒன்றும் இருக்கிறது.

இந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி செய்கிறார்கள். ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010இல் திறந்தது. பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் ஆலை 2012இல் வந்தது, ராயல் என்ஃபீல்டு 2013இல். சக்கரத்துக்கு அப்பல்லோ டயர் இருக்கிறது, மண் வாரும் எந்திரத்துக்குக் கோமாட்சு இருக்கிறது. அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998லேயே சான்ட்ரோவை வெளியே விட்டுவிட்டது. செய்த வண்டியைச் சோதித்துப் பார்க்க, குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற மத்திய அரசு நிறுவனம் வேறு ஒரகடத்தில் இருக்கிறது. ஒரு வண்டி ரோட்டுக்கு வருமுன் அதன் பிரேக் எங்கே பிடிக்கிறது, மோதினால் எந்தப் பக்கம் நசுங்கும், எவ்வளவு புகை விடுகிறது என்றெல்லாம் அங்கே தடம் போட்டு, கருவி மாட்டி, அளந்து எழுதுகிறார்கள். அந்த வண்டியில் ஏறி உட்காரப்போகிற ஆளைச் சோதிக்க மட்டும் பெரும்பாலான ஊர்களில் ஒரு மைதானமும் நாலு கம்பும் போதும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்ற இடத்தில் நின்று ஸ்டியரிங் மாட்டிவிட்டு, கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தலை இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டு வீடு திரும்பும் இளைஞனை இந்தச் சாலையில் தினமும் பார்க்கலாம். அவன் கை படாத கார் ஆலையைவிட்டு வெளியே போகாது. ஆனால் அதை அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஒருநாள் கல்யாணப் பேச்சு வருகிறது, அல்லது தம்பி செகண்ட்ஸில் ஒரு கார் வாங்குகிறான். அன்று மாலையே அவன் ஒரு டிரைவிங் ஸ்கூல் படியேறி ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

“எல்லாம் சேர்த்து எவ்வளவு?”

கருதுகோள்: அந்த “எல்லாம்” என்பதற்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று லைசென்ஸ், மற்றது ஓட்டத் தெரிவது. கேட்பவன் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறான், சொல்பவர் ஒன்றுக்கு மட்டும் விலை சொல்கிறார்.

முன்னோர்

துறை வரலாற்றில் முதல் பெருந்தொலைவு ஓட்டுநருக்குப் பயிற்சியே கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். எல்.எல்.ஆர். இல்லை, எல் போர்டு இல்லை, பக்கத்தில் மாஸ்டர் இல்லை. பங்க் என்று ஒன்று பிறக்கவே இல்லையாதலால் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மேடு வந்தபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்துபோனதும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். அந்தக் குடும்பத்தின் பெயர்தான் இன்று ஒரகடத்திலிருந்து லாரிகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகிறது.

பிறகு 1904இல் ஜெர்மனியின் அஷாஃபன்பர்கில் ருடால்ஃப் கெம்ப் என்பவர் காரோட்டக் கற்றுத்தரும் பள்ளி தொடங்கினார். பெர்த்தா போய்வந்து பதினாறே ஆண்டுகளில், இதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரலாம் என்பது தெரிந்துவிட்டது. அம்மா வீட்டுக்குப் போக அவசரப்படும் பெண்களை இன்றும் எந்தப் பள்ளியாலும் தடுக்க முடிவதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

மூலநூல்

நம் நாட்டில் இத்துறையின் மூலநூல் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 24ஆம் விதியிலிருந்து 31ஆம் விதிவரை டிரைவிங் ஸ்கூல் பற்றியது. சேரப்பணஞ்சேரிக்காரர் எவரும் படித்ததில்லை என்பதால் சாரத்தை இங்கே தருவது கடமை.

பயிற்சி தருபவர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிசம் படித்த சான்றிதழும் வேண்டும். ஆங்கிலமோ வட்டார மொழியோ போதிய அளவு தெரிய வேண்டும். (பயிற்சி நேரத்தில் மாஸ்டர்கள் கையாளும் வட்டார மொழியைக் கேட்டவர்கள், இந்தத் தகுதியில் குறை சொல்லவே முடியாது என்பார்கள்.) வண்டியில், பயிற்சியாளர் நினைத்த மாத்திரத்தில் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். எல் என்ற எழுத்து வெள்ளைத் தளத்தில் சிவப்பாக, பத்து சென்டிமீட்டர் உயரம், இரண்டு சென்டிமீட்டர் தடிப்பு, அடியில் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓட்டுபவன் நடுங்கலாம், எழுத்து நடுங்கக் கூடாது.

அலுவலகத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் பட்டியல் உண்டு. கரும்பலகை, போக்குவரத்துக் குறிகள் வரைந்த சார்ட், சாலை மாதிரி வரைந்த பலகை, எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம், பஞ்சர் ஒட்டும் கருவிகள், ஜாக்கி, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஸ்பானர் செட், உட்கார பெஞ்சு, முதலுதவிப் பெட்டி. கள ஆய்வின்போது எட்டிப்பார்த்த ஓர் அலுவலகம் ஒற்றை ஷட்டர் கடை. அங்கே இவற்றில் பல இருக்கத்தான் செய்தன, வேலைதான் மாறியிருந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டு செல்போன் நம்பர்களும் “வியாழன் டெஸ்ட் – ஆதார் ஒரிஜினல்” என்ற வாசகமும் இருந்தன. பிரேக் ஷூ விண்ணப்பக் கட்டுகள் ஃபேன் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மட்டில் பிரேக்கின் இலக்கணத்தை அது மீறவில்லை. ஜாக்கி கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. முதலுதவிப் பெட்டியில் முதலாளியின் பிரஷர் மாத்திரை. போக்குவரத்துக் குறிகள் சார்ட் வெயிலில் வெளுத்து, சிவப்பு வட்டங்களெல்லாம் ரோஸாகி, “நுழையாதே” என்பது “நுழைந்தால் என்ன” என்பதுபோல் தெரிந்தது.

31ஆம் விதி பாடத்திட்டம் சொல்கிறது. சொந்த உபயோகத்துக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டிய நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது. நாளுக்கு அரை மணி என்று வைத்தால் 21 நாளில் பத்தரை மணி வருகிறது. விதி எழுதியவர் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஓட்டுநருக்குரிய நன்னடத்தையும் முதலுதவியும்கூடப் பாடத்தில் உண்டு.

27ஆம் விதியில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் வாங்கித் தந்துவிடும் வல்லமை தனக்கு இருப்பதாக, விதிக்குப் புறம்பான வழியில், சேர வருபவரை நம்பவைக்கும்படி பள்ளி நடந்துகொள்ளக் கூடாது என்பது அதன் கருத்து. இந்தச் சாலையோரப் பலகைகளில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது 1989லேயே டெல்லியில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தீர்க்கதரிசனம் என்ற சொல்லை இக்கட்டுரையாளர் சிக்கனமாகவே பயன்படுத்துவார், இங்கே பயன்படுத்துகிறார்.

பயிற்சியாளர் இலக்கணம்

டெல்லி நூலில் மாஸ்டரின் குணம் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கு நாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகத் தகாதவர் யார், மாணாக்கர் எத்தனை வகை, பாடம் சொல்லும் முறை எது என்று ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார். அவர் கார் ஓட்டியதில்லை என்பது ஒரு குறையே அல்ல. கார் ஓட்டியும் இதைச் சொல்லாமல் விட்டவர்கள்தான் மிகுதி.

ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் நான்கு உவமை சொல்கிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. நான்கும் ஒரகடம் வட்டாரத்தில் எல் போர்டு போட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.

கழற்குடம் என்பது கழற்காய்களைப் போட்டுவைத்த குடம். போட்ட வரிசையில் காய் வெளியே வராது. இவ்வகை மாஸ்டர் முதல் நாளே ரிவர்ஸ் சொல்லித்தருவார், காரணம் அன்று வண்டி ரிவர்ஸில் நிற்கிறது. மூன்றாம் கியர் முதல் வாரமே வந்துவிடும். சீட்டைக் காலுக்கு ஏற்றபடி இழுத்துப்போட்டுக்கொள்ளலாம் என்ற செய்தியைப் பதினெட்டாம் நாள், “என்னம்மா இவ்ளோ தள்ளி உக்காந்து ஓட்டறீங்க?” என்று கேள்வியாகச் சொல்வார்.

மடற்பனையில் யாரும் ஏறிப் பறிக்க முடியாது, கருக்கு கிழித்துவிடும். பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். இந்த மாஸ்டர் பேசமாட்டார். செல்போனைப் பார்த்துக்கொண்டே வருவார். நாம் தப்புச் செய்தால் மட்டும் ஒரு பெருமூச்சு. நாம் கேட்காதபோது, டீக்கடையில், வேறு யாரிடமோ, “ஹாஃப் கிளட்ச்ல வண்டி நடுங்கும் பாரு, அப்பதான் காலை எடுக்கணும்” என்று சொல்லுவார். அதைத்தான் நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆயிரம் ரூபாய் பெறும் பழம் அது.

பருத்திக்குண்டிகை, பஞ்சு அடைத்த குடுவை. உள்ளே திணிப்பதும் கஷ்டம், வெளியே எடுப்பதும் கஷ்டம். இவருக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் வராது. “அப்படியே விடு… விடுன்னா விடாத… ஆங், அப்படித்தான்… அப்படி இல்ல.” இவரிடம் கற்றவர்கள் கார் ஓட்டுவார்கள். எப்படி ஓட்டுகிறோம் என்பது அவர்களுக்கும் தெரியாது.

முடத்தெங்கு சாய்ந்து வளர்ந்த தென்னை. தண்ணீர் ஊற்றுபவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் வீட்டில். கட்டண ஆய்வுக்கு இதுவே தலையாய வகை என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். வண்டியில் மூன்று பேரை ஏற்றுவார்கள். ஒருவன் ஓட்ட, இருவர் பின்சீட்டில். உங்கள் அரை மணி நேரத்தில் பாதி, முன்னால் உட்கார்ந்தவன் தன் ஸ்டாப்பில் இறங்கும்வரை ஓட்டுவதில் போகும். மீதிப் பாதியில் மாஸ்டர் தம் பெண்ணை டியூஷனில் விட்டுவிட்டு வருவார், அதற்கும் நீங்கள்தான் ஓட்டுநர். “டிராஃபிக்ல பழகணும் இல்ல?” என்பார். பின்சீட்டில் கழிந்த நேரத்தையும் இவர் வகுப்பாகவே கணக்கு வைக்கிறார். நேரத்தை ஓட்டிய நேரம், பார்த்த நேரம், மாஸ்டர் டீ குடித்த நேரம் என மூன்றாகப் பகுத்தால், விதி கேட்பது முதல் வகையில் பத்து மணி. பள்ளி தருவது மூன்றும் கலந்த பத்து மணி.

நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. வாழ்நாளில் ஒரு நிறைகோல் மாஸ்டரைப் பார்த்தாலே பாக்கியம். கியர் மாற்றியதும் சரி என்றோ தப்பு என்றோ உடனே சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதவர் அவர்.

மாணாக்கருக்கும் இலக்கணம் உண்டு, அதில் நாம் யாரும் தப்பிக்க முடியாது. கிளி வகையினர் “மிரர், சிக்னல், மிரர்” என்று சொல்லிக்கொண்டே எதையும் பார்க்காமல் திரும்புவார்கள். ஆடு வகையினர் இந்த ஸ்கூலில் நாலு நாள், படப்பையில் மூன்று நாள், மாமாவின் வண்டியில் ஒரு ஞாயிறு என்று மேய்வார்கள். நெய்யரி வகைக்கு மாஸ்டர் சொன்ன நல்லதெல்லாம் வடிந்துபோய், அவர் ஹார்ன் அடிக்கும் விதம் மட்டும் தங்கும். பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலில் முனிவர் துயில்வோனையும் சேர்த்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணி பேட்சுக்கு நேராக வருகிற ஒப்பந்தத் தொழிலாளியை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விதிவிலக்கு எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். இங்கே அவர்கள் இல்லாவிட்டால் பாதி பள்ளிக்கு மாணவரே இல்லை.

இரட்டைக் காலின் இயல்

முதல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வருபவர் எல்லோரும் ஒரே செய்தியைச் சொல்வார்கள்: “நானே ஓட்டிட்டேன்!” இதை நம்பக் கூடாது. மாஸ்டரின் பக்கம் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கின்றன. அவர் கால் அவற்றின்மேல் இருக்கிறது. நீங்கள் கிளட்சை வெடுக்கென்று விடும்போது அவர் மெதுவாக விடுகிறார், வண்டி குலுங்காமல் புறப்படுகிறது, உங்களுக்குத் தன்னம்பிக்கை பிறக்கிறது. அந்தத் தன்னம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

ஆகவே பயிற்சி வண்டியை எப்போதும் இருவர் ஓட்டுகிறார்கள். நல்ல பள்ளியில் மாஸ்டரின் பங்கு நாளுக்கு நாள் குறைந்து, கடைசி வாரத்தில் அவர் இரண்டு காலையும் மடக்கிவைத்துக்கொள்வார். மற்றப் பள்ளியில் கடைசிநாள்வரை அவர் பாதம் உழைத்துக்கொண்டே இருக்கும். காரணம், வண்டி ஆஃப் ஆனால் நேரம் போகும், நேரம் போனால் அடுத்த ஆள் காத்திருப்பான். அலுவலகத்தைப் பார்த்து, பலகையைப் பார்த்து, பெயரில் எந்த முருகன் இருக்கிறார் என்று பார்த்துப் பள்ளியைத் தேர்வதைவிட, பின்சீட்டில் ஒருநாள் உட்கார்ந்து மாஸ்டரின் கால்களை மட்டும் பார்த்தால் போதும் என்பது இந்த ஆய்வின் தாழ்மையான பரிந்துரை. சேர்வதற்கு முன்னால் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால் நல்லவர்கள் சரி என்பார்கள். சரி என்னாதவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

மாஸ்டர் காலை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் காணலாம். வெள்ளை கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. நடுவே, புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள டிரெய்லர். அதற்கு முன்னால் ஒரு பழைய ஆல்ட்டோ, தலையில் பள்ளிப் பலகையோடு, நடுரோட்டில் ஆஃப் ஆகி நிற்கிறது. உள்ளே ஒரு பெண், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருக்கிறார்.

“பதறாதீங்கம்மா. கிளட்ச் முழுசா அமுக்குங்க. நியூட்ரல். சாவி போடுங்க. பின்னாடி பாக்காதீங்க.”

“ஹார்ன் அடிக்கிறான் மாஸ்டர்!”

“அடிக்கட்டும். அவன் ஏத்திக்கிட்டுப் போற அத்தனை காரையும் ஒருநாள் யாராவது இப்படித்தான் ஆஃப் பண்ணுவாங்க.”

ஆல்ட்டோ குருகிராமில் பிறந்தது. ரெனோ க்விட்டும் நிசான் மேக்னைட்டும் கைநீட்டும் தூரத்தில் பிறக்கும் ஊரில், பயிற்சிக்கு மட்டும் ஆல்ட்டோ எங்கிருந்தோ வந்திருக்கிறது. அதற்கு முன்னால் மாருதி 800 இருந்தது. 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்றபிறகும் பல வருஷம் டிரைவிங் ஸ்கூல்களில் மட்டும் உயிர் வாழ்ந்தது. எவ்வளவு இடித்தாலும் தாங்கும், எவன் கியரைப் பிடுங்கினாலும் பொறுக்கும். அந்த வண்டியை நல்லாசிரியர் வரிசையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். நிலத்தின் பொறுமை அதற்கு இருந்தது.

கட்டணவியல்

யாருக்குப் பாடம் சொல்லலாம் என்ற பட்டியலும் நன்னூலில் உண்டு. தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன், பிறகு பொருளை நிறையக் கொடுப்பவன். வழிபடுபவனும் சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவனும் அவனுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். எண்ணூறு ஆண்டுகளாகத் தொடரும் இந்தத் தமிழ்க் கல்வி மரபில் ஃபீஸ் கட்டுபவனுக்கு நாலாவது இடம் நிச்சயம். நாம் மற்ற மூன்றாகவும் இல்லாதபடியால் நேராகப் பணத்துக்கு வருவோம்.

அரசுக்குப் போவது எவ்வளவு? மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். 150 ரூபாய், அதற்கான தேர்வு 50, ஓட்டும் டெஸ்ட் 300, லைசென்ஸ் 200. மொத்தம் 700. மாநிலச் சேவைக் கட்டணம் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் பள்ளி கேட்பதெல்லாம் சொல்லித்தருவதற்கான கூலி, பெட்ரோல், வண்டித் தேய்மானம், வாடகை, மாஸ்டரின் நரம்புத் தேய்மானம். இதில் தப்பே இல்லை. பத்து மணி நேரம் இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறார், அதற்குக் கூலி கேட்கக் கூடாதா? கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னால்தான் சிக்கல். “பிரிச்செல்லாம் சொல்ல முடியாது சார், எல்லாம் சேர்த்துதான்.” இந்த ‘எல்லாம்’ என்பதில் அரசு விதியில் காணாத ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது, ரசீதும் கிடையாது. கேட்டால் “அது உள்ள” என்று சொல்லி, கண்ணால் ஏதோ ஒரு திசையைக் காட்டுவார்கள்.

கட்டும் முறையும் ஆராயத்தக்கது. சேரும்போது பாதி, டெஸ்ட் அன்று காலை மீதி என்பதே வழக்கம். ஜிபே பண்ணலாம், ஆனால் நம்பர் பள்ளியின் பெயரில் இருக்காது, “வீட்டம்மா நம்பர் சார், அதுலயே போடுங்க” என்பார்கள். கவனிக்க வேண்டியது, இரண்டாவது தவணை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது. அது டெஸ்ட்டோடு கட்டப்பட்டிருக்கிறது, பயிற்சியோடு அல்ல. எட்டு போட்டுவிட்டாலோ ரிவர்ஸ் எடுத்துவிட்டாலோ பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஓட்டத் தெரிந்ததா என்ற கேள்வி எழவே வாய்ப்பில்லை. இதை ஒரு சின்ன மாற்றத்தால் புரட்டிவிடலாம். சேரும்போது கொஞ்சம், ஐந்து மணி நேரம் ஓட்டியபின் கொஞ்சம், பத்து மணி முடிந்தபின் மீதி. டெஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே வைக்கக் கூடாது. இப்படிப் பேசினால் எந்தப் பள்ளி முகம் சுளிக்கிறது, எது யோசிக்கிறது என்பதிலேயே தேர்வு பாதி முடிந்துவிடும்.

டெஸ்ட்டில் விழுந்தால் பெருங்கவலை வேண்டாம், சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை விழுந்தால் அறுபது நாள் ஆற அமர யோசித்துவிட்டு வரலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் நிற்கும், டெஸ்ட்டுக்கு முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும். அந்த முப்பது நாளை வைத்தே பள்ளிகள் பாதி வருமானத்தைச் சம்பாதிக்கின்றன, பாதி மாணவர்களை இழக்கின்றன.

2021 ஜூலையிலிருந்து இன்னொரு வகைப் பயிற்சி மையத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அங்கீகாரம் பெற்ற மையம், ஏக்கர் கணக்கில் நிலம், சிமுலேட்டர், தடம், காருக்கு நாலு வாரத்துக்குள் 29 மணி நேரப் பயிற்சி. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. 2024 கோடையில் “இனிமேல் டெஸ்டே கிடையாதாம், டிரைவிங் ஸ்கூல்லயே லைசென்ஸாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவி, சாதாரணப் பள்ளிச் சான்றிதழுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று மத்திய அமைச்சகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரகடம் பக்கம் ரோட்டோரம் அவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறவரிடம் போய், இதில் டிரைவிங் ஸ்கூல் நடத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கன்டெய்னர் நிறுத்த வாடகைக்கு விட்டால் மாதாமாதம் வருகிறது, மனை போட்டு விற்றால் ஒரேயடியாக வருகிறது. ஹேர்பின் வளைவு போட்டு மண்ணைக் கெடுக்க அவர் என்ன பைத்தியமா?

மறுசுழற்சி மாணவர்

கருதுகோளுக்கு வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது. இப்போது லைசென்ஸ் அட்டை ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கே வருகிறது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்குகிறார், வீட்டில் எல்லோரும் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அட்டை பர்ஸுக்குள் போகிறது. பிறகு ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து அதே ஆள் ஏதோ ஒரு பள்ளிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “லைசென்ஸ் இருக்கு. ஓட்டத்தான் தெரியாது. தனியா கிளாஸ் உண்டா?” என்று கேட்கிறார். உண்டு. பலகையிலேயே எழுதியிருக்கிறது: “லைசென்ஸ் உள்ளவர்களுக்கு சிறப்புப் பயிற்சி.” பக்கத்தில் “பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்.”

இவர்கள் பள்ளிக்கு மிகப் பிடித்த மாணவர்கள். ஆர்.டி.ஓ. கிடையாது, டெஸ்ட் கிடையாது, ‘எல்லாம்’ கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று பேசி, மணிக்கணக்கில் ஓட்டி, மணிக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முதல் தடவையே இப்படிப் பேசியிருந்தால் இரண்டாவது தடவை வர வேண்டியிருந்திருக்காது. ஆனால் முதல் தடவை யாரும் ஓட்டுவதற்காக வருவதில்லை, லைசென்ஸுக்காக வருகிறார்கள். அதைப் பள்ளியின்மேல் மட்டும் போட முடியாது. மச்சானையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் பர்ஸில் அட்டை இருக்கிறது. வீட்டு வாசலில் காரும் இருக்கிறது. அதைக் கோவிலுக்கு எடுத்துப்போவது அவர் மனைவி.

இறுதிச் சோதனை

பதினைந்தாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பள்ளி எழுதிவைக்க வேண்டிய பதிவேடு. டிரைவிங் ஸ்கூல் ஒன்று நல்லதா என்று கண்டுபிடிக்கக் கூகுள் ஸ்டாரையும் பலகை அகலத்தையும் பார்ப்பதைவிட, இதைக் கேட்டுப் பார்ப்பது உசிதம் என்று தோன்றியதால் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சார் இன்ஸ்பெக்டரா?”

“இல்லீங்க.”

“பத்திரிகையா?”

“இல்லீங்க. சேரலாம்னு வந்தேன்.”

“சேரவா?” என்று கொஞ்சம் யோசித்தார். பிரேக் ஷூவைத் தூக்கி, கீழே இருந்த கட்டைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர்போல் தலையாட்டினார்.

“அப்ப நாளைக்குக் காலைல வாங்க சார். நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிடறேன்.”